வலது முன்சக்கரத்தில் கருப்புக் கிரீஸ்: மாருதி 800-க்கு ஆக்சில் பூட் மாற்றிய கதை

பழைய வண்டியில் லீக்கு என்றால் முதலில் தரையைத்தான் பார்ப்போம். ராத்திரி நிறுத்திய இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறதா, என்ன நிறம், எதற்கு நேர்கீழே என்று. என் மாருதி 800 தரையைப் பாழாக்கவே இல்லை. போர்ட்டிகோ டைல்ஸ் பளிச்சென்று இருந்தது. ஆனால் வலது முன்சக்கரத்து ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டால் விரல் கன்னங்கரேலென்று வெளியே வந்தது. டயரின் உள்சுவர், பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பரின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் அதே கருப்பு. அதன் மேல் தேனி ரோட்டுப் புழுதி அப்பிப் பொருக்குத் தட்டிப் போயிருந்தது.

வண்டி 1998 மாடல். கார்புரேட்டர், நான்கு கியர், 796 சிசி, மூன்று சிலிண்டர். டிஎன் 59, அதாவது மதுரை நம்பர். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கோரிப்பாளையத்துக்குத் தினப்படி ஓட்டம், எப்போதாவது உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்துக்கு. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் அடிப்பாகத்தை ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிடலாம் என்று இறங்கியதில்தான் இது கண்ணில் பட்டது. கூடவே இன்னொரு தொந்தரவும் இருந்தது. பிரேக் போட்டால் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கும். அதை வீல் அலைன்மென்ட் கணக்கில் தனியாக வைத்திருந்தேன்.

முதலில் காட்டிய பட்டறையில் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வீல் பேரிங் சீல் போயிருச்சு சார், பேரிங்கோட மாத்திருவோம்" என்றார்கள். சொன்னது ஒரேயடியாக அபத்தமும் இல்லை. 800-இல் முன்சக்கர பேரிங்குக்கு சீல் உண்டு. அது போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வரத்தான் செய்யும். ஆனால் பேரிங்கில் குறை இருந்தால் அது வேறு வழியிலும் வாயைத் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டம் இல்லை. கையால் சுற்றிவிட்டு ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருக்கும் சுருள்கம்பியில் விரலை வைத்தால் கரகரப்பும் இல்லை. அறுபதில் போகும்போது கேட்கும் அந்த 'ஊ' என்ற ஊளைச் சத்தமும் எனக்குக் கேட்டதே கிடையாது. நன்றாக இருக்கிற பேரிங்கை, பிரஸ் வைத்துப் பிடுங்கி வேறு போடுவதற்கு மனசு வரவில்லை.

அதனால் வெளியே வந்திருப்பது என்ன பொருள் என்பதிலிருந்தே தொடங்கினேன். இந்த ஒரு மூலையில் மட்டும் ஒழுகக்கூடிய சரக்கு ஐந்தாறு இருக்கிறது. பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர் ஆயில், கியர் ஆயில், பேரிங் கிரீஸ், ஸ்டியரிங் பாக்ஸ் கிரீஸ், ஆக்சில் ஜாயிண்ட் கிரீஸ். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் எல்லாமே புழுதியோடு சேர்ந்தால் கருப்புதான். பொருக்கின் மேல்பகுதியைச் சுரண்டி எறிந்துவிட்டு, அடியில் இருக்கும் புது ஈரத்தை மட்டும் ஐஸ் குச்சியால் எடுத்து வெள்ளைத்தாளில் இழுத்துப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் என்றால் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும், பெயிண்டையும் தின்னும். கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக வாடை உண்டு. ஒரு தடவை மோந்தவர் மறக்க மாட்டார். ஷாக் அப்சார்பர் ஆயில் தாளில் விறுவிறுவென்று பரவும். எனக்குக் கிடைத்தது இதில் எதுவும் இல்லை. தாளில் இழுத்த இடத்திலேயே கோடாக நின்றது, ஓரத்தில் மட்டும் மெல்ல எண்ணெய் ஊறியது, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பென்சில் முனையைத் தேய்த்ததுபோல ஒரு ஈயப் பளபளப்பு.

அந்தப் பளபளப்புதான் துப்பு. பேரிங்குக்குப் பொதுவாகப் போடுகிற கிரீஸ் பழுப்பாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கும். ஆக்சில் ஜாயிண்டுக்குப் போடுவதில் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற கருப்புத் தூள் கலந்திருக்கும். அது ஏடு ஏடாக வழுக்கும் பொருள். உலோகமும் உலோகமும் உரசி, இடையில் எண்ணெய்ப் படலமே பிதுங்கிப் போகிற அழுத்தத்திலும் அந்த ஏடு தாங்கும். டப்பாவைத் திறக்கும்போதே கருப்பாக இருக்கும் கிரீஸ் அது. ஆக, சந்தேகம் ஆக்சில் பூட் மேல் விழுந்தது.

பூட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பிதான் ஆக்சில். சக்கரம் மேலே கீழே ஆடவும் வேண்டும், ஸ்டியரிங் திருப்பினால் திரும்பவும் வேண்டும், அதே நேரம் நிற்காமல் சுற்றவும் வேண்டும். அதற்காக இரண்டு முனையிலும் ஜாயிண்ட் இருக்கிறது. அந்த ஜாயிண்டை மூடி, ஆர்மோனியப் பெட்டியின் துருத்திபோல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. அதுதான் பூட். பக்கத்துக்கு இரண்டு, ஆக வண்டிக்கு நான்கு. சக்கரப் பக்கத்து ஜாயிண்டில் ஒரு கிண்ணம், உள்ளே ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஆறு குண்டுகள். 1920-களில் ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற இன்ஜினியர் வகுத்த அமைப்பு இது. 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் இந்த வகை ஜாயிண்ட் போட்ட பிறகுதான் முன்சக்கர இழுவை சின்னக் கார்களுக்குச் சாதாரண விஷயமானது.

நம்மூரில் இது சாதாரணமானது மாருதி வந்த பிறகு. அம்பாசிடரும் பத்மினியும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகள். முன்சக்கரத்துக்கு ஆக்சிலே கிடையாது. அதற்குப் பதில் முன்பக்கம் ஆங்காங்கே கிரீஸ் நிப்பிள் இருக்கும். சர்வீஸில் கிரீஸ் கன்னை வைத்து அடிப்பார்கள், பழைய கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும் என்பதே கணக்கு. அதாவது அம்பாசிடரில் கிரீஸ் வெளியே தெரிந்தால் வண்டியை யாரோ அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மாருதியில் அதே கிரீஸ் வெளியே தெரிந்தால் உள்ளே குறைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அடைத்து அனுப்பியதுதான், மேற்கொண்டு ஊட்ட வழியே கிடையாது. அம்பாசிடர் காலத்துப் பெரியவர்கள் சிலர், "கிரீஸ்தான, இருந்துட்டுப் போகுது" என்று விட்டுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, பூட் என்றே வைத்துக்கொள்வோம். பார்த்தால் கிழிசல் எதுவும் தெரியவில்லை. சக்கரம் நேராக நிற்க, டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் வெளிப்பூட் முழுசாகத்தான் இருந்தது. இவ்வளவு அழுக்கில் எது மூலம், எது தெறிப்பு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மண்ணெண்ணெயில் பனியன் வேஸ்டை நனைத்து, அந்த மூலை முழுவதையும் துடைத்து எடுத்தேன். ரப்பர் பாகங்களில் மட்டும் மண்ணெண்ணெய் படாமல், சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும். காய்ந்த பிறகு வீட்டில் இருந்த முகப்பவுடரை எடுத்து, பூட், ஹப்பின் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) பின்பக்கம், கீழ் ஆர்ம் (ஹப்பை வண்டியோடு சேர்க்கும் கீழ்க்கை), ஸ்டியரிங் பாக்ஸின் ரப்பர், கியர் பாக்ஸ் ஓரம் என்று ஊதிவிட்டேன். வெள்ளைப் படலத்தில் புது ஈரம் பட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் டிஸ்கில் மட்டும் பவுடர் விழக் கூடாது.

செக்கானூரணி வரை ஒரு ஓட்டம் விட்டுத் திரும்பினேன். வேண்டுமென்றே ரவுண்டானாக்களிலும் யூ டர்ன்களிலும் முழுக்க ஒடித்துத் திருப்பினேன். வந்து சக்கரத்தைக் கழற்றினால் பதில் எழுதி வைத்ததுபோல இருந்தது. ஹப்பின் பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது; பேரிங் சீல் நிரபராதி. ஸ்டியரிங் பாக்ஸ் ரப்பரும் வெள்ளை. ரிம்மின் உள்பக்கம், ஷாக் அப்சார்பர், மட்கார்டின் உள்தகடு மூன்றிலும் பொட்டுப் பொட்டாகக் கருப்பு, மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில். சுற்றுகிற ஆக்சிலிலிருந்து வெளியேறும் கிரீஸ் கீழே சொட்டாது, செங்குத்தாக வட்டமாகத் தெறிக்கும். அதனால் அது விழுந்த இடங்களைக் கண்ணால் ஒரு கோடாக இணைத்து, அந்தக் கோடு ஆக்சிலை எங்கே வெட்டுகிறது என்று பார்த்தால் போதும். வெளிப்பூட்டின் நடுவில், பெரிய முனையிலிருந்து இரண்டாவது மடிப்பில் வெட்டியது.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, அந்த இரண்டாவது மடிப்பின் பள்ளத்தை இரண்டு பெருவிரலாலும் விரித்தேன். அங்கே இருந்தது. சுமார் கால் வட்ட நீளத்துக்கு, பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெடிப்பு. விரித்தால் திறக்கிறது, உள்ளிருந்து கருப்பு பிதுங்குகிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. சக்கரம் நேராக இருக்கும்போது மடிப்பு தானாகவே மூடியிருப்பதால்தான் யார் குனிந்து பார்த்தாலும் பூட் முழுசாகத் தெரிந்தது. அக்கம்பக்கத்து மடிப்புகளிலும் முடிமுடியாக வெடிப்பு ஓடியிருந்தது. முள்ளோ கல்லோ கிழித்ததில்லை, ரப்பர் வயசாகி விட்டுப்போனது. நம்ம வெயிலுக்கு ரப்பர் எத்தனை காலம் தாங்கும்? வெளிப்பூட் ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் மடங்கி விரிவதால் உள்பூட்டைவிட இதுதான் முதலில் போகும்.

ஆகவே பூட்டைச் சோதிப்பவர்கள் சக்கரத்தை நேராக வைத்துப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. இடது முழுக்க ஒரு தடவை, வலது முழுக்க ஒரு தடவை ஒடித்து, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி, பூட் மட்டும் போதுமா, ஆக்சிலையே மாற்ற வேண்டுமா. இங்கேதான் பணம் வித்தியாசப்படும். கிரீஸ் வெளியே போன ஓட்டை வழியாக மண்ணும் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். அது குண்டையும் பள்ளத்தையும் அரைத்துவிட்டால், திருப்பத்தில் 'டக் டக் டக்' என்று சத்தம் வரும். ஒருமுறை அந்தச் சத்தம் வந்துவிட்டால் புதுப் பூட் போட்டு எத்தனை கிரீஸ் அடைத்தாலும் போகாது. காலி மைதானத்தில், கண்ணாடியை இறக்கி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார்த்தேன். சத்தம் இல்லை. தப்பித்தோம் என்று ஓரளவு நம்பிக்கை வந்தது.

வடக்கு வெளி வீதியில் உதிரிபாகக் கடையில் கேட்டதற்கு மூன்று தினுசு எடுத்துப் போட்டார்கள். மிக மலிவானதை மடக்கிப் பார்த்தால் அட்டைபோல விறைப்பு, வாடையும் செருப்புக்கடை வாடை. கம்பெனி பூட் கிட், அதில் ரப்பர், இரண்டு கிளாம்ப், ஒரு பாக்கெட் கருப்புக் கிரீஸ் எல்லாம் சேர்ந்தே வரும். 'பிளவுப் பூட்' என்று ஒன்றும் காட்டினார்கள். ஆக்சிலைக் கழற்றாமலேயே சுற்றிப் போட்டுப் பசை தடவி ஒட்டிக்கொள்வது. வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது உதவலாம். ஒட்டு ஒரு நாள் பிரியாது என்று நம்பி என்னால் ஓட்ட முடியாது. கம்பெனி கிட் வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் வாங்கினேன். ஏன் இரண்டும் என்றால், 800-இல் வெளிஜாயிண்டைப் பிரிக்கிற வழக்கம் இல்லை. உள்ஜாயிண்டைக் கழற்றி, உள்பூட்டை உருவி, அந்த வழியாகத்தான் வெளிப்பூட்டை ஏற்ற வேண்டும். எப்படியும் கழற்றுகிற பூட்டைப் பழசாகவே திருப்பி மாட்டுவானேன். கடைக்காரர் கியர் பாக்ஸ் சைடு ஆயில் சீல் இரண்டையும் தானாகவே எடுத்து வைத்தார். "ஆக்சில உருவுறீங்கள்ல, இதயும் போட்ருங்க" என்றார். வியாபாரப் பேச்சாக இருந்தாலும் நியாயமான பேச்சு.

இதற்கு மேல் வீட்டில் தனியாகச் செய்கிற வேலை இல்லை. பழங்காநத்தம் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், மாருதி மட்டும்தான் பார்ப்பார். நான் கூட நிற்பதை ஒன்றும் சொல்ல மாட்டார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தால் சந்தோஷம். வெடிப்பை விரித்துக் காட்டியதும், "கண்டுபிடிச்சுட்டீங்களே தம்பி, பெரும்பாலும் ரெண்டா கிழிஞ்சு தொங்குறப்பதான கொண்டாருவாங்க" என்றார்.

ஆக்சில் நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட வேண்டும். நட்டு தானாகக் கழலாமல் பிடித்திருக்கும் ஸ்பிளிட் பின்னைப் பிடுங்கிவிட்டு, நான் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, அவர் பெரிய சாக்கெட்டில் ஆள் உயர ஜிஐ பைப்பை மாட்டித் தொங்கினார். ஜாக்கியில் தூக்கிய பிறகு அந்த விசையைக் கொடுத்தால் வண்டி சரிந்துவிடும். தளர்ந்த பிறகு ஜாக்கி, அதன்பின் ஸ்டாண்டு. வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஹாலோ பிளாக் கல்லை அண்டக் கொடுக்கவும் வேண்டாம். அது எப்போது நொறுங்கும் என்று சொல்லிவிட்டு நொறுங்காது.

கியர் ஆயிலை முதலில் வடித்தோம். ஆக்சிலை உருவினால் அந்த ஓட்டை வழியாக எல்லாம் கொட்டிவிடும். வடிகிற நேரத்தில் கீழ் ஆர்மையும் ஹப்பையும் இணைக்கும் பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினார். அதைப் பாதி தளர்த்திவிட்டுச் சுத்தியலால் அடிக்கிறவர்கள் உண்டு. பால் ஜாயிண்டின் தண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, போல்ட் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கும், முழுக்க உருவாமல் அது இறங்காது. ஆர்மைக் கடப்பாரையால் கீழே அமுக்கி, ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்து, ஆக்சிலின் வெளிமுனையை விடுவித்தார். உள்முனைக்கு, கியர் பாக்ஸுக்கும் ஜாயிண்டுக்கும் இடையில் இரண்டு தட்டை லிவரை எதிரெதிராக வைத்து ஒரு நெம்பு. உள்ளே இருக்கும் வளையம் 'டப்'பென்று விட்டது. ஆக்சில் கம்பியைப் பிடித்து மட்டும் இழுக்கக் கூடாது. கியர் பாக்ஸிலிருந்து வருவதற்குப் பதில் உள்ஜாயிண்ட் பிரிந்து வந்துவிடும்.

வைஸில் கட்டி, கிளாம்பை வெட்டி, பூட்டைக் கீறி எடுத்தார். உள்ஜாயிண்ட் கிண்ணத்தை உருவுவதற்கு முன் கிண்ணத்திலும் கம்பியிலும் ஒரே நேராக வெள்ளைப் பெயிண்ட் கோடு. சர்க்ளிப் என்ற பூட்டு வளையத்தை எடுத்ததும் எல்லாம் வரிசையாக வெளியே வந்து தாளில் உட்கார்ந்தது. பிறகு வெளிஜாயிண்ட். மிச்சம் இருந்த கிரீஸை ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே ஆகாசத்தைப் பார்த்தார். என் கையிலும் கொஞ்சம் வைத்தார். வெடிப்பின் பக்கமிருந்து எடுத்ததில் நெறுநெறுவென்று மணல். குண்டுகளுக்கு உள்பக்கமிருந்து எடுத்ததில் வழவழப்பு மட்டும். "மண்ணு வாசல்லயே நின்னுக்கிருக்கு. இன்னும் ரெண்டு மழை கண்டுச்சுன்னா உள்ள போயிருக்கும்" என்றார்.

வெளிஜாயிண்டைப் பிரிக்காமலேயே டீசல் கிண்ணத்தில் முக்கி, கிண்ணத்தை எல்லாப் பக்கமும் ஒடித்து ஒடித்துக் கழுவினார். மூன்றாவது கிண்ண டீசல் கலங்காமல் நிற்கும்வரை விடவில்லை. காற்று அடித்து உலர்த்தி, ஒவ்வொரு குண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தோம். குண்டு ஓடும் தடத்தில் பளபளப்பான கோடு இருந்தது, நகத்தால் இழுத்தால் தட்டுப்படவில்லை. நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் ஆக்சிலுக்கு ஆர்டர் போட வேண்டியதுதான்.

ஆயில் வடிந்துதான் இருக்கிறது என்று இடது பக்கத்தையும் திறந்தோம். அங்கே வெளிப்பூட் வலதைவிடப் புதுசு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றியிருக்கிறார். ஆனால் சின்ன முனையில் கிளாம்ப் இல்லை. சென்ட்ரிங் வேலைக்குக் கட்டுகிற கட்டுக்கம்பியை இரண்டு சுற்று சுற்றி முறுக்கியிருந்தது. பட்டையான கிளாம்ப் அழுத்தத்தைச் சுற்றளவு முழுக்கப் பரப்பும். கம்பி ஒரே கோட்டில் அறுக்கும். ரப்பரில் பாதி ஆழம் இறங்கியிருந்தது. இன்னும் வெளியே ஒழுகவில்லை என்பதால் அதுவரை கண்ணில் படவில்லை. அண்ணன் அந்தக் கம்பியை வெட்டி என் கையில் கொடுத்து, "யாரு பாத்த வேலையோ" என்று மட்டும் சொன்னார். கடைக்குத் திரும்பவும் ஆள் அனுப்பி அந்தப் பக்கத்துக்கும் கிட் வாங்கினோம்.

கிரீஸ் அடைப்பது சாவகாசமாகச் செய்ய வேண்டிய வேலை. பாக்கெட்டில் பாதியை ஜாயிண்டுக்குள், குண்டுகளுக்கு இடையில், விரலால் அமுக்கி அமுக்கி ஏற்றி, ஜாயிண்டை ஒடித்து, இறங்கியதும் மறுபடி ஏற்றி, மீதியைப் பூட்டுக்குள் போட வேண்டும். குறைத்துப் போடக் கூடாது. கூட்டிப் போட்டாலும் பூட் உப்பிக்கொண்டு நிற்கும். பேரிங் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே என்று அதைக் கலப்பதும் கூடாது. கிளாம்பை இறுக்கும் முன் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைப் பூட்டின் உதட்டுக்குள் செருகி, உள்காற்றை விட்டுச் சமப்படுத்தினார். இல்லாவிட்டால் பூட் ஒரு பக்கம் சப்பிப்போய், சுற்றும்போது தன்னைத்தானே தேய்த்துக்கொள்ளும். கிளாம்பின் வாலை மடிப்பதற்கும் திசை இருக்கிறது. வண்டி முன்னால் போகும்போது ஆக்சில் எந்தப் பக்கம் சுற்றுமோ அதற்கு எதிர்ப்பக்கம் மடிக்க வேண்டும். ஒரே மாதிரி மடித்தால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் தப்பாகவும் வரும் என்பதால், இடது வலது என்று சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டே செய்தார்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். புது ஆயில் சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஆக்சில் முனையின் பற்கள் அதைக் கீறாதபடி ஆக்சிலை நேராகப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும். வளையம் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகும் ஒரு தடவை வெளியே இழுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக்சில் நட்டுக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்), புது ஸ்பிளிட் பின். கியர் ஆயிலை லெவல் ஓட்டையில் வழிகிறவரை ஊற்றினோம்.

அப்புறம்தான் பிரேக் பேட். வலது பக்கத்து உள்பேடை எடுத்துப் பார்த்தால் ஒரு ஓரம் கருத்து, மெழுகு ஊறினதுபோல மினுமினுத்தது. தெறித்த கிரீஸ் டிஸ்க் வழியாக பேடுக்கும் போயிருக்கிறது. வலது பக்கம் பிடிமானம் குறைய, இடது பக்கம் மட்டும் நன்றாகப் பிடிக்க, வண்டி இடப்பக்கம் இழுத்திருக்கிறது. அலைன்மென்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஊறிப்போன பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடுப்பில் வாட்டித் திரும்பப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சூடேறினால் உள்ளிருந்து திரும்பக் கசியும், அந்தச் சிக்கனம் பிரேக்கில் வேண்டாம். இரண்டு பக்கமும் புது பேட் போட்டு, டிஸ்கை பிரேக் கிளீனரால் துடைத்தோம். எண்ணெய் பட்டு ஊதியிருக்கிறதா என்று பிரேக் ஹோஸையும் விரலால் நசுக்கிப் பார்த்தோம். நல்லவேளை, உப்பவில்லை.

செலவு என்று பார்த்தால் பூட் கிட்டுகளைவிட பிரேக் பேடும் கியர் ஆயிலும்தான் கூடுதல். கூலி முழு நாள் கூலி. முதல் பட்டறை சொன்னபடி பேரிங்கை மாற்றியிருந்தால் அந்தப் பணமும் போய், கிரீஸும் வந்துகொண்டே இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து பழையபடி துடைத்து, பவுடர் ஊதி, உசிலம்பட்டி வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். வலது ரிம்மில் ஒரே ஒரு கருப்புப் பொட்டு. கொஞ்சம் திக்கென்றது. மட்கார்டின் உள்மடிப்பில் கழுவாமல் விட்டுப்போன பழைய கிரீஸ், வெயிலில் இளகி அதிலிருந்து விழுந்தது என்று தெரிந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு ரிம் சுத்தம். இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மடிப்பை விரித்துப் பார்த்தாலும் காய்ந்திருக்கிறது. பிரேக் நேராகப் பிடிக்கிறது.

ஆர்சி புதுப்பிக்கிற இடத்தில் இன்ஸ்பெக்டர் முன்சக்கரத்துப் பக்கம் குனியவே இல்லை. ஹாரனை அடிக்கச் சொன்னார், லைட்டைப் போடச் சொன்னார், பின் நம்பர் பிளேட்டில் எழுத்து மங்கியிருக்கிறது, மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். மாற்றிவிட்டு மறுபடி போனேன்.